காந்தம் காட்டாத தரம்: ஃபெரைட் வகைத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டின் பண்புகளும் பயன்களும்

ஆய்வுச்சுருக்கம்

துருப்பிடிக்காத எஃகின் தரத்தைக் காந்தத்தைக் கொண்டு அறியலாம் என்னும் நம்பிக்கை மக்களிடையே வேரூன்றியுள்ளது. காந்தம் ஒட்டாத எஃகு உயர்ந்தது, ஒட்டுவது தாழ்ந்தது என்பது அந்நம்பிக்கையின் சாரம். இக்கட்டுரை, காந்தத்தால் ஈர்க்கப்படும் ஃபெரைட் வகைத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டின் வேதியியல் இயைபு, படிக அமைப்பு, வெப்பப் பண்பு, வடிக்கப்படும் தன்மை, அரிமான எதிர்ப்பு ஆகியவற்றை விளக்குகிறது. இவ்வகை எஃகின் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் அதன் படிக அமைப்பிலிருந்தும் நிக்கல் இன்மையிலிருந்தும் பிறப்பவை என்பதையும், காந்தச் சோதனை படிக அமைப்பையன்றித் துரு எதிர்ப்பை அளப்பதில்லை என்பதையும் கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: துருப்பிடிக்காத எஃகு, ஃபெரைட், ஆஸ்டெனைட், குரோமியம், நிக்கல், அரிமானம், காந்தச் சோதனை, நாணய உலோகம்.

1. முன்னுரை

தமிழகத்தின் பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் வாங்குவோர் சிலர் சிறு காந்தம் ஒன்றை உடன் கொண்டு செல்வதுண்டு. பாத்திரத்தில் காந்தம் ஒட்டிக்கொண்டால் அது 'இரும்பு கலந்தது' என்று ஒதுக்குவர். ஒட்டாவிட்டால் அசல் என்று ஏற்பர். இச்சோதனை எளியது, செலவற்றது, உடனே விடை தருவது. ஆயினும் அது தரும் விடை, கேட்கப்பட்ட வினாவிற்குரிய விடையன்று.

இதற்கு மறுப்புச் சான்று வாங்குவோரின் பையிலேயே இருக்கிறது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு 10, 25, 50 காசு நாணயங்களும், 1992ஆம் ஆண்டு ஒரு ரூபாய் நாணயமும் ஃபெரைட் வகைத் துருப்பிடிக்காத எஃகில் வெளியிடப்பட்டன. 83 விழுக்காடு இரும்பும் 17 விழுக்காடு குரோமியமும் கொண்ட இந்நாணயங்கள் காந்தத்தில் ஒட்டுபவை. வியர்வை, ஈரம், உப்பு எனப் பலவற்றிற்கு ஆட்பட்டு, ஆயிரக்கணக்கான கைகள் மாறிய பின்னும் அவை துருவேறாமல் புழங்கின. காந்தம் ஒட்டும் பாத்திரத்தை மட்டமென்று ஒதுக்குபவர், ஒதுக்காத பாத்திரத்திற்கு அதே இன எஃகினாலான நாணயத்தையும் சேர்த்தே விலையாகக் கொடுக்கிறார்.

இம்முரண் எவ்வாறு எழுகிறது, ஃபெரைட் வகைத் தகடு எவ்விடத்திற்குப் பொருந்தும், எவ்விடத்திற்குப் பொருந்தாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. துருவைத் தடுக்கும் தனிமம்

இரும்பு துருப்பிடிப்பதற்குக் காரணம், அதன் மேற்பரப்பில் உருவாகும் ஆக்சைடு நுண்துளைகள் உடையதாகவும் உதிர்வதாகவும் இருப்பதே ஆகும். அடியிலுள்ள இரும்பை அது காப்பதில்லை. இரும்புடன் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேரும்போது நிலைமை மாறுகிறது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து, சில நானோமீட்டர் தடிப்பே உடைய, இடைவெளியற்ற ஆக்சைடு படலத்தை மேற்பரப்பில் உண்டாக்குகிறது. கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைக்கும் வரையில் இப்படலம் தானே மீண்டும் உருவாகும். எஃகிற்குத் துருப்பிடிக்காமை என்னும் பண்பைத் தருவது இப்படலமே.

எனவே 'துருப்பிடிக்காத எஃகு' என்னும் பெயருக்கு இன்றியமையாத தனிமம் குரோமியம்; நிக்கல் அன்று. நிக்கல் சேர்வதால் வேறு நன்மைகள் உண்டு. அமில ஊடகங்கள் சிலவற்றில் அரிமானத்தின் வேகத்தை அது குறைக்கிறது. எஃகை எளிதில் வளையவும் விரியவும் செய்கிறது. ஆயினும் காப்புப் படலத்தை அமைப்பது குரோமியத்தின் பணியே. கடுமையான குளோரைடுச் சூழலில் அப்படலத்தை வலுப்படுத்துவது மாலிப்டினம்.

'இரும்பு கலந்தது' என்னும் வழக்கும் இங்குத் திருத்தத்திற்குரியது. காந்தம் ஒட்டாத 304 வகை எஃகிலும் ஏறத்தாழ 70 விழுக்காடு இரும்பே உள்ளது. இரும்பு கலவாத எவர்சில்வர் என ஒன்று இல்லை.

3. காந்தம் உணர்த்துவது யாது?

அறை வெப்பநிலையில் தூய இரும்பின் அணுக்கள் பொருள்மையக் கனசதுர அமைப்பில் அடுக்கப்பட்டுள்ளன. கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் அணுக்கள் அமைந்த இவ்வடிவம் ஃபெரைட் எனப்படும். இது காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படும். இரும்பை 912 °செ வெப்பநிலைக்கு மேல் சூடாக்கும்போது அணுக்கள் முகப்புமையக் கனசதுர அமைப்பிற்கு மாறுகின்றன. ஆஸ்டெனைட் எனப்படும் இவ்வமைப்பைக் காந்தம் ஈர்ப்பதில்லை.

குரோமியம் ஃபெரைட்டை நிலைப்படுத்தும் தனிமம். நிக்கல், மாங்கனீசு, நைட்ரஜன், கார்பன் ஆகியவை ஆஸ்டெனைட்டை நிலைப்படுத்துபவை. ஆகவே இரும்புடன் குரோமியத்தை மட்டும் போதிய அளவு சேர்த்துக் கார்பனைக் குறைத்தால் ஃபெரைட் வகை எஃகு கிடைக்கிறது. அதனுடன் 8 விழுக்காட்டிற்கு மேல் நிக்கல் சேர்த்தால், ஆஸ்டெனைட் அமைப்பு அறை வெப்பநிலையிலும் நீடிக்கிறது. 304 வகை இவ்வாறு பெறப்படுவதே.

காந்தம் அறிவிப்பது இந்த அணு அடுக்கின் வேறுபாட்டை மட்டுமே. எஃகில் எத்தனை விழுக்காடு குரோமியம் உள்ளது என்பதையோ, படலம் எவ்வளவு உறுதியானது என்பதையோ அது அறிவதில்லை. சாதாரண இரும்புத் தகடும் காந்தத்தில் ஒட்டும். 17 விழுக்காடு குரோமியம் கொண்ட தகடும் ஒட்டும். இரண்டிற்கும் இடையிலான பெரும் வேறுபாடு காந்தத்திற்குப் புலப்படாது.

மேலும், 304 வகைத் தகட்டையே குளிர்நிலையில் வளைத்தோ இழுத்தோ வடிக்கும்போது, அதன் ஒரு பகுதி மார்ட்டென்சைட் என்னும் காந்தத்தன்மையுள்ள அமைப்பாக மாறுகிறது. இதனால் உயர்தரப் பாத்திரத்தின் மடித்த விளிம்பிலும் மூலையிலும் காந்தம் சற்றே ஒட்டக்கூடும். ஒரே தகட்டின் நடுப்பகுதியை அசல் என்றும் விளிம்பைப் போலி என்றும் காட்டும் சோதனையைத் தரச்சோதனையாகக் கொள்ள இயலாது.

4. ஃபெரைட் வகையின் உட்பிரிவுகள்

ஃபெரைட் வகை என்பது ஒரே ஓர் எஃகு அன்று. குரோமிய அளவாலும் துணைத் தனிமங்களாலும் வேறுபடும் ஒரு குடும்பம். அதனை ஐந்து பிரிவுகளாகப் பகுப்பது வழக்கம்.

முதற்பிரிவில் 10 முதல் 14 விழுக்காடு வரை குரோமியம் உள்ள 409, 410எல் போன்றவை அடங்கும். இவை விலை குறைந்தவை; மேற்பரப்பில் இலேசான கறை படிவது பொருட்டல்லாத இடங்களுக்கு ஏற்றவை. இரண்டாம் பிரிவு, 14 முதல் 18 விழுக்காடு வரை குரோமியமுள்ள 430. வீட்டு உபயோகப் பொருள்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. மூன்றாம் பிரிவான 439, 441 ஆகியவற்றில் டைட்டானியமோ நியோபியமோ, இரண்டுமோ சிறிதளவு சேர்க்கப்படுகின்றன. நான்காம் பிரிவில் மாலிப்டினம் சேர்க்கப்பட்ட 434, 436, 444 ஆகியவை உள்ளன. ஐந்தாம் பிரிவு, குரோமியம் மிகுந்த சிறப்பு வகைகளைக் கொண்டது.

மூன்றாம் பிரிவின் தோற்றம் தனியே நோக்கத்தக்கது. ஃபெரைட் அமைப்பில் கார்பனும் நைட்ரஜனும் மிகக் குறைந்த அளவே கரையும். 430 தகட்டைப் பற்றவைக்கும்போது, மிகையான கார்பன் படிக எல்லைகளில் குரோமியத்துடன் சேர்ந்து கார்பைடாகப் படிகிறது. அவ்விடத்தில் குரோமியம் குன்றுவதால் பற்றவைப்பின் ஓரத்தில் துரு தொடங்குகிறது. டைட்டானியமும் நியோபியமும் குரோமியத்தை முந்திக்கொண்டு கார்பனைப் பிணைத்துக்கொள்வதால் இக்குறை நீங்குகிறது. 1960களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த ஆர்கான்-ஆக்சிஜன் கார்பன்நீக்க முறை, எஃகின் கார்பன் அளவை மிகவும் குறைக்க வழிசெய்தது. பற்றவைக்க இயலாதது என்று ஃபெரைட் வகைக்கு இருந்த பழைய பெயர், இவ்விரு மாற்றங்களுக்குப் பின் அக்குடும்பம் முழுமைக்கும் பொருந்துவதன்று.

5. பண்புகள்

மிகுதியாகப் பயன்படும் 430 வகையையும் 304 வகையையும் அறை வெப்பநிலையில் ஒப்பிட்டால் கிடைக்கும் ஏறத்தாழ மதிப்புகள் அட்டவணை 1இல் தரப்பட்டுள்ளன.

அட்டவணை 1: 430, 304 வகைகளின் ஒப்பீடு

| பண்பு | 430 (ஃபெரைட்) | 304 (ஆஸ்டெனைட்) |
|---|---|---|
| குரோமியம் (விழுக்காடு) | 16–18 | 17.5–19.5 |
| நிக்கல் (விழுக்காடு) | சேர்க்கப்படுவதில்லை | 8–10.5 |
| அடர்த்தி (கிராம்/கன செ.மீ.) | 7.7 | 7.9 |
| வெப்பங்கடத்துதிறன் (வாட்/மீட்டர்·கெல்வின்) | 25 | 15 |
| நீள்விரிவுக் குணகம் (கெல்வினுக்குப் பத்து இலட்சத்தில்) | 10.4 | 17.2 |
| குறைந்தபட்ச இழுவலிமை (மெகாபாஸ்கல்) | 450 | 515 |
| குறைந்தபட்ச நீட்சி (விழுக்காடு) | 22 | 40 |
| காந்த ஈர்ப்பு | உண்டு | இல்லை |

*5.1 வெப்பப் பண்புகள்*

அட்டவணையில் ஃபெரைட் வகைக்குப் பெரிதும் ஆக்கமளிப்பவை வெப்பங்கடத்துதிறனும் வெப்ப விரிவும் ஆகும். ஒரு மீட்டர் நீளமுள்ள தகட்டின் வெப்பநிலையை 100 °செ உயர்த்தினால், 430 தகடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரும் 304 தகடு 1.7 மில்லிமீட்டரும் நீளும். வெப்பம் விரைந்து பரவி, விரிவும் குறைவாக இருப்பதால், ஃபெரைட் தகடு சூட்டில் கோணலாவது குறைகிறது. மேற்பரப்பில் உருவாகும் ஆக்சைடும் தகடும் ஏறக்குறைய ஒத்து விரிவதால், மீண்டும் மீண்டும் சூடாகிக் குளிரும் இடங்களில் ஆக்சைடு எளிதில் உரிந்து விழுவதில்லை.

*5.2 வடிக்கப்படும் தன்மை*

நீட்சி மதிப்பை மட்டும் நோக்கினால் ஃபெரைட் தகடு வடிப்பதற்கு ஏற்றதன்று எனத் தோன்றும். ஆனால் தகட்டை வடிக்கும் முறைகள் இரண்டு. தகட்டின் ஓரத்தை இறுகப் பிடித்து நடுப்பகுதியை மட்டும் விரித்து வடிப்பது ஒன்று. ஓரம் உள்நோக்கி நகர இடங்கொடுத்து ஆழமாக இழுத்து வடிப்பது மற்றொன்று. முதல் முறையில் தகடு மெலிந்துகொண்டே செல்வதால் நீட்சி மிகுந்த 304 சிறக்கிறது. இரண்டாம் முறையில், தடிப்புத் திசையில் மெலியாமல் நிற்கும் பண்பே தேவைப்படுகிறது. இதில் ஃபெரைட் வகை 304க்கு இணையாகவோ சற்று மேலாகவோ அமைகிறது. சலவை இயந்திர உறுப்புகளும் பாத்திரங்களும் இவ்வெஃகில் செய்யப்பட இப்பண்பு துணைபுரிகிறது.

எனினும் இழுத்து வடிக்கும்போது, தகடு உருட்டப்பட்ட திசையில் மெல்லிய வரிமேடுகள் தோன்றுவது 430க்கு உள்ள குறை. பளபளப்புத் தேவைப்படும் பொருள்களில் அவற்றைத் தேய்த்து நீக்க வேண்டியுள்ளது. டைட்டானியம், நியோபியம் சேர்ந்த வகைகளில் இக்குறை கட்டுக்குள் இருக்கிறது.

*5.3 அரிமான எதிர்ப்பு*

குளோரைடு அயனிகள் காப்புப் படலத்தைச் சிறு புள்ளிகளில் உடைத்து உண்டாக்கும் குழி அரிமானமே துருப்பிடிக்காத எஃகின் முதற்பகை. அதற்கான எதிர்ப்பை ஒப்பிடக் குரோமிய விழுக்காட்டுடன் மாலிப்டின விழுக்காட்டின் 3.3 மடங்கையும் நைட்ரஜன் விழுக்காட்டின் 16 மடங்கையும் கூட்டிப் பெறும் குறியெண் வழக்கத்தில் உள்ளது. இக்கணக்கில் நிக்கலுக்கு இடமில்லை என்பது கருதத்தக்கது. இவ்வகையில் 430 ஏறத்தாழ 17 பெறுகிறது. 304 அதைவிடச் சற்றே கூடுதலாகப் பெறுகிறது. மாலிப்டினம் கொண்ட 444 ஏறத்தாழ 24 பெற்று, விலைமிகுந்த 316 வகைக்கு அருகில் நிற்கிறது. காந்தம் ஒட்டும் 444, காந்தம் ஒட்டாத 304ஐ விடக் குழி அரிமானத்தை வலுவாக எதிர்க்கிறது என்பது இதன் பொருள்.

இழுவிசைத் தகைவும் வெந்நீரும் குளோரைடும் ஒன்றுசேருமிடத்தில் 304, 316 வகைகள் தகைவு அரிமான விரிசலுக்கு உள்ளாகக்கூடும். நிக்கல் இல்லாத ஃபெரைட் வகை இத்தகைய விரிசலை மிக நன்றாகத் தாங்குகிறது. வெந்நீர்த் தொட்டிகளுக்கு 444 தேர்ந்தெடுக்கப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

6. எல்லைகள்

ஃபெரைட் வகை எல்லாவற்றிற்கும் ஏற்றதன்று. அதன் குறைகளையும் படிக அமைப்பே தீர்மானிக்கிறது.

முதலாவது, குளிரில் நொறுங்கும் தன்மை. பொருள்மையக் கனசதுர அமைப்புடைய எஃகு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே தன் மீள்திறத்தை இழந்து திடீரென உடையும். தகடு தடிக்கத் தடிக்க அவ்வெப்பநிலை உயர்வதால், ஃபெரைட் எஃகு பெரிதும் மெல்லிய தகடாகவே பயன்படுகிறது. திரவ நைட்ரஜன் போன்ற மிகைக்குளிர்ப் பொருள்களின் கலன்களுக்கு இது உதவாது. அங்கு ஆஸ்டெனைட் வகையே வேண்டும்.

இரண்டாவது, 475 °செ நொறுங்குதன்மை. 400 முதல் 550 °செ வரையிலான வெப்பத்தில் நெடுங்காலம் இருக்கும்போது, குரோமியம் மிகுந்த நுண்பகுதிகள் பிரிந்து எஃகை நொறுங்கச் செய்கின்றன. குரோமியம் மிகுந்த வகைகளில் இத்தீங்கு மிகும்.

மூன்றாவது, பற்றவைக்கும்போது படிகங்கள் பருத்தல். உருகிய பகுதியை அடுத்த இடத்தில் படிகங்கள் பெரிதாகி உறுதி குறைகிறது. ஆகவே குறைந்த வெப்பம் செலுத்திப் பற்றவைப்பது இன்றியமையாதது.

நான்காவது, கடலோரச் சூழல். சென்னை, தூத்துக்குடி போன்ற நகரங்களில் உப்புக்காற்று நேரே படும் வெளிப்புறத்தில் 430 தகட்டை அமைத்தால் பழுப்புக் கறை தோன்றும். அது ஃபெரைட் வகையின் தோல்வியன்று. உட்பிரிவைத் தேர்ந்ததில் நேர்ந்த பிழை. ஜப்பானின் ஒசாகா விரிகுடாவில் செயற்கைத் தீவொன்றின்மேல் அமைந்து 1994இல் திறக்கப்பட்ட கன்சாய் பன்னாட்டு விமான நிலையத்தின் முனையக் கூரை, குரோமியமும் மாலிப்டினமும் மிகுந்த ஃபெரைட் வகைத் தகட்டால் ஆனது.

7. பயன்பாடுகள்

ஃபெரைட் தகட்டின் பெரும் பயன்பாட்டுக் களம் வாகனப் புகைபோக்கி அமைப்பு. 1970களின் நடுவில் அமெரிக்கக் கார்களில் வினையூக்கி மாற்றிகள் இடம்பெறத் தொடங்கியபோது, 409 வகை அத்துறையில் நிலைபெற்றது. எஞ்சினை ஒட்டிய மிகுவெப்பப் பகுதிகளுக்கு 441 போன்றவை பயன்படுகின்றன. சூடாகிக் குளிரும் சுழற்சியைத் தாங்கும் பண்பு இங்குப் பயன்தருகிறது.

இருப்புப்பாதைச் சரக்குப் பெட்டிகள் மற்றொரு களம். ஈர நிலக்கரியில் ஊறும் கந்தக அமிலம் மென்னெஃகுப் பெட்டியின் அடித்தகட்டை விரைந்து அரிக்கும். தென்னாப்பிரிக்காவில் உருவாக்கப்பட்ட ஏறத்தாழ 12 விழுக்காடு குரோமியமுள்ள எஃகு, நிலக்கரிப் பெட்டிகளில் நீடித்து உழைத்தது. அதனை ஒத்த 409எம் வகை இந்திய இரயில்வேயின் சரக்குப் பெட்டிகளில் பயன்படுகிறது. சர்க்கரை ஆலைகளின் ஆவியாக்கிக் குழாய்களில் 439 வகை பயன்படுவதற்கு வெப்பங்கடத்துதிறனும் விரிசல் எதிர்ப்பும் காரணங்கள். குழாயைத் தாங்கும் மென்னெஃகுக் கலத்தின் விரிவும் குழாயின் விரிவும் நெருங்கியிருப்பதால் இணைப்புகளும் தளர்வதில்லை.

வீட்டுக்குள் சலவை இயந்திர உருளை, பாத்திரம் துலக்கும் இயந்திரத்தின் உட்சுவர், குளிர்பதனப் பெட்டியின் கதவு, மின்தூக்கியின் உட்புறம் ஆகியவற்றில் 430ஐக் காணலாம். இண்டக்‌ஷன் அடுப்பின் வரவு இவ்வெஃகின் மதிப்பைப் புதிய முறையில் உயர்த்தியது. அவ்வடுப்பு, மாறும் காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடாக்குவது. அதற்குக் காந்த ஈர்ப்புள்ள அடித்தகடு தேவை. ஆகவே மூன்றடுக்குப் பாத்திரங்களில் உள்ளே 304, நடுவில் அலுமினியம், வெளியே 430 என அமைக்கும் முறை பரவியது. கடையில் காந்தம் ஒட்டலாகாது என்று விரும்பியவரே, அடுப்பின்மேல் காந்தம் ஒட்டும் அடியைத் தேட வேண்டியவரானார்.

நாணயத் தொழிலுக்கும் இவ்வெஃகு இயல்பாகப் பொருந்துகிறது. அச்சின் அழுத்தத்தில் 304 விரைந்து கடினமாகும். 430 இனம் அவ்வாறு கடினமாவது குறைவு. எனவே உருவம் தெளிவாகப் பதிகிறது; அச்சும் நீடிக்கிறது. சேலம் உருக்காலையில் இதற்கான வில்லைகளை வெட்டும் பிரிவு இயங்கியமை தமிழகத்திற்கும் இவ்வரலாற்றிற்கும் உள்ள நேரடித் தொடர்பாகும்.

8. நிக்கலும் குரோமியமும்: பொருளியல் பின்னணி

நிக்கலின் விலை நிலையற்றது. 2007ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் உலோகச் சந்தையில் அது டன்னுக்கு 50,000 டாலரைக் கடந்தது. 2022 மார்ச் 8ஆம் நாள் சில மணிநேரத்தில் 1,00,000 டாலரைத் தாண்டியதால் வணிகமே நிறுத்தப்பட்டது. 8 விழுக்காட்டிற்கு மேல் நிக்கல் கொண்ட 304 தகட்டின் விலை இவ்வேற்றத்தாழ்வைச் சுமக்கிறது; ஃபெரைட் தகடு பெரிதும் அதிலிருந்து விடுபட்டது. இந்தியா நிக்கலுக்கு இறக்குமதியையே பெரிதும் சார்ந்துள்ளது. குரோமியமோ ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் மிகுதியாகக் கிடைக்கிறது. உள்நாட்டு வளத்தைக் கொண்டு ஆக்கத்தக்க துருப்பிடிக்காத எஃகு என்னும் வகையிலும் ஃபெரைட் கவனத்திற்குரியது.

9. தவறான அளவுகோலின் விளைவு

காந்தச் சோதனை, நல்ல 430ஐ ஒதுக்குவதோடு நிற்பதில்லை. ஒதுக்கத்தக்கதை ஏற்கவும் செய்கிறது. நிக்கல் விலையேற்றத்தைத் தவிர்க்க, நிக்கலைக் குறைத்து மாங்கனீசும் நைட்ரஜனும் சேர்த்த 200 வரிசை எஃகுகள் சந்தையில் பெருகின. மாங்கனீசு ஆஸ்டெனைட்டை நிலைப்படுத்துவதால் இவற்றிலும் காந்தம் ஒட்டுவதில்லை. இவற்றுள் சிலவற்றில் குரோமியம் 430இல் உள்ளதைவிடக் குறைவு. உப்பும் புளியும் படும் சமையலறையில் இவை 430ஐ விஞ்சும் என்று கொள்ள இடமில்லை. ஆழமாக வடித்த பாத்திரத்தில் சில நாள்கள் கழித்து விளிம்பு வெடிப்பதும் இவ்வகையில் அறியப்பட்ட குறை. ஆயினும் காந்தம் இவற்றை 304இலிருந்து பிரித்துக் காட்டாது. 304இன் விலையில் 200 வரிசைப் பொருளை விற்க விரும்புவோருக்குக் காந்தமே துணைச்சான்றாகிவிடுகிறது.

இந்தியத் தர நிர்ணயங்கள் இவ்வேறுபாட்டை முன்னரே உணர்ந்து பகுத்துள்ளன. பாத்திரங்களுக்கான எஃகுத் தகட்டிற்கு ஐ.எஸ். 5522, பொதுப் பயன்பாட்டுத் தகட்டிற்கு ஐ.எஸ். 6911, நிக்கல் குறைந்த ஆஸ்டெனைட் தகட்டிற்கு ஐ.எஸ். 15997 எனத் தனித்தனி நிர்ணயங்கள் உள்ளன. எஃகின் அடையாளம் அதன் இயைபும் தர எண்ணுமே. பாத்திரத்தின் மீதும் விலைச்சீட்டிலும் அவ்வெண் பொறிக்கப்படுவதும், வாங்குவோர் அதனைக் கேட்டறிவதும் காந்தத்தை விடப் பயனுள்ள காப்பாகும்.

10. முடிவுரை

துருவைத் தடுப்பது குரோமியம். காந்தம் காட்டுவது படிக அமைப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதிலிருந்தே மக்கள் வழக்கிலுள்ள பிழை தோன்றியது. ஃபெரைட் வகைத் தகடு வெப்பத்தைக் கடத்துவதிலும், சூட்டில் வடிவம் குலையாமையிலும், ஆழ இழுத்து வடிப்பதிலும், தகைவு அரிமான விரிசலைத் தாங்குவதிலும் சிறந்தது. தடித்த பற்றவைப்பிற்கும் மிகைக்குளிருக்கும் நெடுநாள் 475 °செ வெப்பத்திற்கும் அது ஏற்றதன்று. கடலோரப் பயன்பாட்டிற்கு மாலிப்டினம் சேர்ந்த உட்பிரிவே தக்கது. எனவே எஃகைத் தேர்வோர் முதலில் கேட்க வேண்டியது, 'காந்தம் ஒட்டுமா?' என்பதன்று; 'இது எந்தத் தரம், எவ்விடத்திற்கு?' என்பதே.